தண்ணீரைக் கழுவினார்கள், சேற்றை மறந்தார்கள்

பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு,

போகிறவன் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது நம் அமைப்பில் வழக்கம். வழக்கமாகத் தலை நரைத்தவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு வயது இருபத்தாறு. அடுத்த மாதம் சட்டக் கல்லூரியில் சேருகிறேன், என் பணி ஓய்வு அவ்வளவுதான். ஆகவே அறிவுரை மாதிரி ஏதாவது வந்தால் பாதியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி, பாட்டிலில் சீட்டு ஒட்டுவது எப்படி, மனுவை எத்தனை நகல் எடுப்பது, இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாதது ஒன்று உண்டு. ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறி தலைக்கேறிவிட்டால் நம் கண் பாதி குருடாகிவிடும். எனக்கு ஆனது. 1991-ல், பென்னலூரில்.

அந்த வருஷம் பேப்பரைத் திறந்தாலே வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப் போகின்றன என்பதுதான் செய்தி. பென்னலூருக்கு அது பழைய செய்தி. மூன்று வருஷம் முன்பே ஒரு கம்பெனி வந்து, இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் ஆலை ஒன்றை ஊருக்குப் பக்கத்தில் போட்டிருந்தது. தலைமையகம் ஐரோப்பாவில். கழிவு நீர் மட்டும் இங்கே, மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்குப் போகும் வாய்க்காலில். மதில் சுவருக்கு அடியில் ஒரு குழாய் வைத்து விட்டுவிட்டார்கள். அரசாங்க அதிகாரிகள் வந்து தண்ணீர் மாதிரி எடுக்கும் நாட்களில் மட்டும் அந்தக் குழாய் நல்ல பிள்ளையாக இருக்கும்.

குழாய்க்குக் கீழே முதல் கிணறு கன்னியம்மாவுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. கொஞ்சம் நிலம், ஒரு பசு, ஏழுமலை என்று ஒரு மகன். அந்த ஏழுமலை அதே ஆலையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தான். கிணற்றுத் தண்ணீர் கசக்க ஆரம்பித்ததும் முதலில் சத்தம் போட்டது கன்னியம்மாதான். கம்பெனி ஒரு காகிதத்தோடு அவர் வீட்டுக்கு வந்தது. மகனுக்கு நிரந்தர வேலை, வீட்டு வாசலில் ஒரு போர் பம்ப். பதிலுக்கு, என் கிணற்றிலும் நிலத்திலும் எந்தக் குறையும் இல்லை என்று ஒரு கையெழுத்து.

"போடாதீங்க அக்கா" என்று சொன்னவன் நான். "ஆறே மாசம். நாங்க பாத்துக்கறோம்."

"நீ சொல்றியேன்னு வுடறேன் தம்பி" என்றார் அவர். "எம் புள்ள வேலை போச்சுன்னா உங்க ஆபீஸ் வாசல்ல வந்து குந்திக்குவேன். சோறு நீதான் போடணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கம்பெனிக்காரர்கள் ஏழுமலையை அடிக்கடி கூப்பிட்டு, "உங்க அம்மா என்ன முடிவு பண்ணாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் சொன்ன ஒரு சொல்லின் மேல் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அப்போது நம் அலுவலகம் ஸ்ரீபெரும்புதூரில், சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. நானும் அற்புதராஜும்தான் ஆட்கள். அவன் மணிமங்கலத்துக்காரன், விவசாயக் குடும்பம். பேச்சில் நிதானம், கேமராவில் கில்லாடி. நான் நேர் எதிர். கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்தவன், மூச்சு விடாமல் பேசுவேன், மனு எழுதினால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஆச்சரியக்குறி இருக்கும்.

கம்பெனியின் தலைமையகம் இருந்த ஊரில் நம்மைப் போலவே ஒரு குழு இருந்தது. அதில் ஒரு பள்ளி ஆசிரியை. நான் கடைசிவரை நேரில் பார்க்காதவர். அவர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. கம்பெனியின் ஒரே ஒரு பங்கை வாங்கினார். பங்கு வைத்திருப்பவர் வருடாந்திரக் கூட்டத்துக்குள் போகலாம், எழுந்து கேள்வி கேட்கலாம். போனார். நாங்கள் அனுப்பிய புகைப்படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த வாய்க்கால் யாருடையது என்று கேட்டார். அத்தனை பேருக்கு நடுவே மழுப்ப முடியாமல், நேரில் பார்த்துவர ஓர் ஆளை அனுப்புகிறோம் என்று கம்பெனித் தலைவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆசிரியையின் கடிதம் வந்தது. வருகிற பரிசோதகர் வியாழக்கிழமை ஆலையைப் பார்ப்பார். ஆனால் அதற்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில், யாருக்கும் தெரியாமல் வாய்க்காலைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். கடைசி வரி மட்டும் அடிக்கோடிட்டிருந்தது: நமக்குக் கிடைப்பது இந்த ஒரு காலைதான், அவர் வெறுங்கையோடு திரும்பினால் இந்தக் கதவு மறுபடி திறக்காது.

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டீஸ் அடித்தேன்.

ரோஸ் காகிதத்தில். "வெளிநாட்டு அதிகாரி வருகை! புதன் காலை வாய்க்கால் கரையில் திரண்டு வாரீர்!" என்று. அற்புதராஜ் மணிமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான், தடுக்க ஆளில்லை. பத்து நாள் முன்னாலேயே பென்னலூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் நானே பசை தடவி ஒட்டினேன். ஊர் திரண்டால் பரிசோதகர் அசந்துபோவார் என்று கணக்கு. அந்தக் கடையில்தான் ஆலையின் செக்யூரிட்டி முதல் சூப்பர்வைசர் வரை டீ குடிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஒட்டினேன் என்று கேட்டால், அந்த நோட்டீஸ் அவ்வளவு நன்றாக வந்திருந்தது என்பதுதான் உண்மையான பதில்.

திங்கட்கிழமை மதியம் ஏழுமலை அலுவலகப் படியேறி வந்தான். உட்காரவில்லை.

"லைன நிறுத்திட்டானுங்க சார். மெயின்டனன்ஸாம். ரெண்டு நாளா டாங்கர்ல தண்ணி இட்டாந்து வாய்க்கால அலசிகினு கீறானுங்க. குழா வாய்க்கு சுண்ணாம்பு கூட அடிச்சாச்சு."

"சுண்ணாம்பா?"

"கல்யாண வூடு மாதிரி கீது. நீங்க போயி பாருங்க."

போய்ப் பார்த்தோம். தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. ஓர் ஆள் அதில் முகம்கூடக் கழுவிக்கொண்டிருந்தான். அற்புதராஜ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நோட்டீஸ்ல எத்தினி மணின்னு போடாம வுட்டியே, அதுக்காவது தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னான்.

செவ்வாய் முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். அலுவலகத்தில் ஒரு கேன் இருந்தது. போன மாதம் அதே குழாயிலிருந்து நாங்களே பிடித்த கழிவு நீர், பச்சையாக, மூடியைத் திறந்தால் தொண்டை எரியும். அவர்கள் விட்ட நீர்தானே? அவர்கள் வாய்க்காலில்தானே விட்டார்கள்? கேனிலேயே காட்டினால் எங்கே பிடித்தது என்பார்கள். பரிசோதகர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அதைத் திரும்ப ஊற்றினால் அது பொய்யா? உண்மையை அதன் இடத்தில் வைப்பதுதானே? இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். சட்டம் படிக்கப் போவது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

புதன்கிழமை விடிந்ததும் கேனை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அற்புதராஜ் பின்னாலேயே வந்தான். வழி முழுக்க, "வேணாண்டா, மாட்டிப்போம்" என்றுகொண்டே வந்தான். வாய்க்கால் கரை மேட்டில் கன்னியம்மா பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"கேன்ல இன்னா தம்பி? மோரா?"

சொன்னேன். அறுப்பதை நிறுத்திவிட்டு அரிவாளோடு நிமிர்ந்தார்.

"அத எங்க ஊத்தப் போற?"

"இங்கதான் அக்கா. கொஞ்சமா. அவரு பாக்கறதுக்கு."

"இது யார் வாய்க்கா?"

நான் கேரியர் கயிற்றைத் திருகினேன்.

"அவனும் ஊத்தறான், நீயும் ஊத்துவ. நீ ஜெயிக்கறதுக்கு எங்கெணத்துல இன்னும் ஒரு கேன் எறங்கணுமா? ஏண்டாப்பா, இதுக்கா நான் கையெழுத்து போடாம குந்தினு கீறேன்?"

குரலை உயர்த்தவில்லை. அந்த 'கொஞ்சமா' என்ற சொல்லுக்காக இன்றும் எனக்குக் கூசுகிறது. நாம் சோதனைச்சாலை, சட்டம், தலைமையகம் என்றே யோசித்துக்கொண்டிருப்போம். அவருக்கு அது குடிக்கிற தண்ணீர். கேனை அப்படியே சைக்கிளில் விட்டுவிட்டு மேட்டில் உட்கார்ந்தேன்.

"அப்ப எதைத்தான் காட்டறது அக்கா? கண்ணாடி மாதிரி ஓடுது."

அவர் மறுபடி புல் அறுக்கக் குனிந்தார். அப்போதுதான் அற்புதராஜ், கேமரா பையைத் தோளில் மாட்டியபடி, கரையையே மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், கேட்டான்.

"அக்கா, இந்த மேடு இன்னா? எப்பவுமே இப்படி மலையாட்டமா இருக்குமா?"

"வாய்க்கா வெட்டி போட்ட சேறுப்பா."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்தது புரியாது. ஆடி மாதத்தில் மழைக்கு முன்னால் ஊர் கூடி வாய்க்காலைத் தூர் வாருவது அங்கே வழக்கம். வாய்க்காலின் நீளத்தைக் குடும்பங்களுக்குப் பங்கு பிரித்திருப்பார்கள். இந்த மரத்திலிருந்து அந்தக் கல் வரை இன்னார் பங்கு என்று எல்லோருக்கும் மனப்பாடம். அவரவர் பங்கை அவரவர் வெட்டி, சேற்றை அங்கேயே தங்கள் கரையில் எறிய வேண்டும்.

"எங்க ஊர்லயும் எறிவாங்க" என்றான் அற்புதராஜ். "ஆனா ஒரு வாரம் கரையில நிக்காது. வண்டல் ஆச்சே. வண்டி கட்டினு வந்து அள்ளிகினு போயிடுவாங்க வயலுக்கு. பக்கத்து பங்குல கைய வெச்சான்னு அடிதடியே நடக்கும். இங்க ஏன் யாரும் அள்ளல?"

"எவன் அள்ளுவான்?" என்றார் கன்னியம்மா. "மொத வருஷம் கீரப் பாத்தில கொண்டாந்து கொட்டினேன். மறு வாரமே கருகிப் போச்சு. அப்புறம் யாரும் தொடறதில்ல. வெட்றோம், எறியறோம், கெடக்குது. மாட்ட ஓட்டினு ஏறி எறங்கறதுதான் பேஜாரு."

"குழாய்க்கு மேல?"

"மேல இன்னா, அங்க அள்ளிகினுதான் போறாங்க. அங்கதான் சேறு நல்லாகீதே."

அற்புதராஜ் என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்று முதல் தடவையாகக் கரையைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அந்தக் கரையில் நடந்திருக்கிறேன். அந்த மேட்டில் குந்தி மனு எழுதியிருக்கிறேன். குழாய்க்கு மேலே கரை தட்டையாக, வெறும் மண்ணாக இருந்தது. குழாய் இருந்த இடத்திலிருந்து கீழே, மேடு மேடாக, இடுப்பு உயரத்துக்கு, புல் முளைத்துக் கிடந்தது. மூன்று வருஷச் சேறு. நாங்கள் ஊரில் எல்லோரிடமும் தண்ணீரைப் பற்றிக் கேட்டோம். அவர்களும் தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள். சேற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, சொல்லவும் தோன்றவில்லை.

அற்புதராஜ் கன்னியம்மாவின் மண்வெட்டியை வாங்கி ஒரு மேட்டின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினான். உள்ளே மூன்று பட்டைகள். ஒவ்வொன்றிலும் புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தின் களிம்பு நிறம் ஓடியது.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பதிலாக, வாழ்க்கையில் முதல் முறையாக, வாயைத் திறக்கும் முன் யோசித்தேன். வெட்டிய இடத்தை மண் போட்டு மூடச் சொன்னேன். பரிசோதகர் கண் முன்னால் வெட்டினால்தான் அது சாட்சி. நாம் முன்னாலேயே வெட்டிவைத்தது வெறும் பள்ளம்.

நோட்டீஸைப் பார்த்து ஊர் திரண்டு வந்துவிட்டது. கொடி கொண்டுவந்தவர்கள்கூட இருந்தார்கள். அனுப்பிவிடலாமா என்று அற்புதராஜ் கேட்டான். வேண்டாம் என்றேன். "கோஷம் வேணாங்க. அவங்கவங்க பங்குல போய் நில்லுங்க. கேட்டா மட்டும் பேசுங்க. போதும்."

"நின்னா போதுமா?" என்று ஒருவர் சந்தேகமாகக் கேட்டார்.

"நில்லு மாமா, சொல்றான்ல" என்று கன்னியம்மா அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

பரிசோதகர் வந்தார். ஒல்லியான, வெயிலில் சிவந்துபோன மனிதர். கையில் ஒரு சின்ன நோட்டு. அவர் இறங்கிய அதே நேரத்தில், யாரும் அழைக்காமலே, ஆலை மேலாளரின் காரும் வந்தது. என் ரோஸ் நோட்டீஸின் உபயம். மேலாளர் நேரே குழாய்க்குக் கூட்டிப் போகப் பார்த்தார். "ஐயா, வாய்க்கால் மேலிருந்து கீழே ஓடுகிறது, நாமும் அப்படியே நடக்கலாம்" என்று நான் பரிசோதகரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று காலை நான் அவருக்குச் சொந்தமாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

மேல் ஏரியிலிருந்து கரையை ஒட்டிய பாதையில் நடந்தோம். கரையில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நின்றார்கள், தட்டைக் கரையில், எங்கள் தோளுக்குச் சமமாக. குழாயைத் தாண்டியதும் அடுத்த பங்குக்காரரின் முழங்கால் எங்கள் கண்ணுக்கு நேரே வந்தது. அதற்கடுத்தவரும் அப்படியே. வரிசை முழுக்கத் தூக்கிவைத்த மாதிரி உயரத்தில் நின்றது. பரிசோதகர் நின்றுவிட்டார். திரும்பி மேலே பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார்.

இங்கே மட்டும் ஏன் இந்த மேடு என்று கேட்டார்.

மேலாளர் முந்திக்கொண்டார். இந்த ஊர்க்காரர்கள் சோம்பேறிகள், வாரிய சேற்றை அகற்றுவதில்லை என்றார். பரிசோதகர் அவரை விட்டுவிட்டு, மேட்டின் மேல் நின்ற கன்னியம்மாவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். மொழிபெயர்க்க என்னைக் கைகாட்டினார்.

"வயல்ல போட்டா கருகுது, அதான் அள்ளல. குழாய்க்கு மேல கீறவங்க அள்றாங்க. கெணத்து தண்ணி கசக்குதுன்னும் சொல்லு."

விஷம் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். கசக்கிறது என்றே சொன்னேன். பரிசோதகர் 'கசப்பு' என்று அவர் மொழியில் எழுதிக்கொண்டார். அவர் அதை நம்பியதற்குக் காரணம், அது ஒரு பெண்மணி தன் கிணற்றைப் பற்றிச் சொல்லும் சொல்லாக இருந்ததுதான். நம் நோட்டீஸில் வரும் சொல்லாக இல்லை.

மண்வெட்டியை அவரே கேட்டு வாங்கினார். பழக்கமில்லாத கை, இரண்டு வெட்டுக்கு ஒன்று வழுக்கியது. "இப்டி இல்ல சாமி" என்று ஒருவர் குதித்து வந்து நேராக வெட்டிக் கொடுத்தார். பச்சைப் பட்டைகள் வெளியே வந்ததும் மேலாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். யாரோ சமீபத்தில் கொட்டியிருக்கலாம் என்றார்.

"மேல கீற புல்ல பாருய்யா" என்றார் கன்னியம்மா. "வேரு எம்மாம் ஆழம் போயிருக்கு பாரு. புல்லு கூட உங்க ஆபீஸ்ல சம்பளம் வாங்குதா?"

கரை முழுக்கச் சிரிப்பு. பரிசோதகர் என்ன என்று கேட்டார், மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து வேரை அளந்தார்.

மேலிருந்து சில பங்குகள், கீழிருந்து சில பங்குகள் என்று சேற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, பாதியை முத்திரை வைத்து எங்களிடம் கொடுத்தார். சீட்டுகளில் பங்குக்காரர்களின் பெயரை எழுதச் சொன்னார். தன் பெயர் இருந்த சீட்டைக் கன்னியம்மா வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எங்கள் பாதி சென்னையில் சோதனைக்குப் போனது, அவர் பாதி கடல் தாண்டிப் போனது. குழாய்க்குக் கீழே மட்டும் முலாம் கழிவு இருக்கிறது என்று இரண்டும் ஒரே பதிலைச் சொன்னபோது ஆசிரியைக்கு மறுபடி கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. கேட்கப் போகிறேன் என்று ஒரு கடிதம் எழுதினார், அவ்வளவுதான். கூட்டத்துக்கு முன்பே தலைமையகம் இறங்கி வந்தது. குழாயை மூடுவது, கழிவை உள்ளேயே சுத்திகரிப்பது, கரையிலிருக்கும் சேற்றையெல்லாம் கம்பெனி செலவில் அள்ளுவது, கிணறு தேறும்வரை ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது. ஏழுமலையின் வேலையில் கை வைக்கக் கூடாது என்று ஒரு வரியை நாங்கள் கேட்டுச் சேர்த்தோம்.

இதையெல்லாம் நாம் ஜெயித்த கதையாக அமைப்பு அறிக்கையில் படிப்பீர்கள். படியுங்கள், பெருமைப்படுங்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் நோட்டீஸ் ஒட்டியவன் நான், கேனைக் கட்டிக்கொண்டு போனவன் நான் என்பது அறிக்கையில் இருக்காது. அதனால்தான் இங்கே எழுதினேன். எதிரி எதைக் கழுவுகிறான் என்றே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கழுவ அவனுக்குத் தோன்றாதது எது என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து யோசியுங்கள். அவன் அந்த ஊரில் வாழவில்லை. அவனுக்குத் தெரியாதது நிறைய இருக்கும்.

ஒப்பந்தம் பஞ்சாயத்து அலுவலகத்தில் கையெழுத்தானது. மேலாளர் அச்சடித்த தாளை நீட்டி, பேனாவைத் திறந்து கொடுத்தார். கன்னியம்மா வாங்கவில்லை.

"படி."

மேலாளர் திகைத்தார். பிறகு படித்தார். முழுசாக, சத்தமாக, ஊர் கேட்க.

"குழாய மூடறேன்னு சொன்னியே, அது எந்த வரில கீது?"

அவர் காட்டினார். கன்னியம்மா குனிந்து அந்த வரியை எழுத்துக்கூட்டி ஒரு தடவை படித்தார். பிறகு இடது கை விரலை அந்த வரியின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். அது அங்கிருந்து நகர்ந்துவிடக் கூடாது என்பது போல. "மொதல்ல நீ போடு" என்றார். மேலாளர் போட்டார். அதற்குப் பிறகுதான், விரலை எடுக்காமலே, வலது கையால் தன் பெயரை மெதுவாக, ஓர் எழுத்து விடாமல் எழுதினார்.